வரிசையில் நின்ற பிஸ்கட் டின்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும். முதலில் உள்ளே எங்கோ ஆழத்தில் ஒரு கரகரப்பு, பிறகு காற்று சீறும் ஓசை, அதன்பின் துருவாடையோடு பழுப்பு நிறத்தில் கொஞ்சம் நீரைத் துப்பிவிட்டு, யோசிப்பதுபோலச் சற்று நின்று, அப்புறம்தான் தெளிந்த தண்ணீர் விழத் தொடங்கும். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்த எங்கள் சந்தில் அந்த இருமல் கேட்டதும், அடுப்பில் வைத்தது வைத்தபடி, தலைக்குத் தேய்த்த எண்ணெய் வழிந்தபடி, பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்துப்போய், சிங்கப்பூர் முழுக்கத் தண்ணீரை முறை வைத்து விட்ட காலம் அது. எங்கள் பக்கம் ஒருநாள் வரும், மறுநாள் வராது. வருகிற நாளிலும் மத்தியானத்துக்கு மேல் கொஞ்ச நேரம்தான்.

சந்துக்கு ஒரே குழாய். அதற்கு முன்னால் காலையிலேயே வரிசை தொடங்கிவிடும், ஆனால் அந்த வரிசையில் மனிதர்கள் நிற்கமாட்டார்கள். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகிறவர்களும், கைப்பிள்ளைக்காரிகளும் தண்ணீர் வரும்வரை வெயிலில் காய முடியுமா? அதனால் வீட்டுக்கொரு பொருளை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். வாளியையே வைக்கலாம்தான், ஆனால் வாளிக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருந்தது. எனவே வேறெதற்கும் உதவாத பொருளாகத் தேடி வைப்பார்கள். கழுத்து உடைந்த பானை, சுண்ணாம்பால் அடையாளம் போட்ட செங்கல், வார் அறுந்த ஒற்றைக் கட்டைச் செருப்பு. அந்தப் பொருளுக்குச் சந்தில் 'ஆள்' என்று பெயர். 'ஆள் வெச்சிட்டியா?' என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். குழாய்க்கு எதிர்வீட்டில் இருந்துகொண்டு, தம் குரல் ஒன்றாலேயே சந்தின் நிர்வாகம் முழுவதையும் நடத்திவந்த காளியம்மா அக்காவின் ஆள், பாதியாக உடைந்த ஓர் ஆட்டுக்கல். அதை அவர் வீட்டு ஆண்பிள்ளைகள்தான் உருட்டிக்கொண்டு வந்து வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஆள் ஒரு பிஸ்கட் டின். மூடி எப்போதோ போய்விட்டது. அடிப்பக்கம் துருவேறி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஓட்டை வழியாக வானம் தெரியும். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் அதைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் வைப்பது என் வேலை. வைத்ததும் அதை மறந்துவிடுவேன். மறக்க முடிந்தது என்பதுதான் இதில் முக்கியமான சங்கதி என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில், டின் அதே இடத்தில் இருக்குமா, யாராவது பின்னுக்குத் தள்ளிவிட்டிருப்பார்களா என்ற நினைப்பு ஒருநாளும் எனக்கு வந்ததில்லை.

அதனால் எங்கள் சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கொடியில் காய்ந்த துணி காணாமல் போகும், கோழி காணாமல் போகும், காளியம்மா அக்கா இரவல் வாங்கிப்போன எங்கள் வீட்டு அம்மிக்குழவி கடைசிவரை திரும்பி வரவே இல்லை. ஆனால் வரிசையில் நிற்கிற ஆளை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். தொடக்கூடாது என்று யாரும் சொல்லித்தந்ததாகவும் நினைவில்லை.

சந்தின் முனையில் ஒரு கல்வீடு இருந்தது. அதில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஒருவரும் அவர் மனைவி யோகம் அக்காவும் குடியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத பருத்திச் சேலை, வாசலில் ஒரு காய்ந்த இலைகூடக் கிடக்காது. அவர்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு என்பதால் சந்தின் குழாயடிக்கு யோகம் அக்கா வந்ததே இல்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, அந்த வீட்டுக் குழாயும் நூல்போல ஒழுகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் காலையில் பளபளவென்று தேய்த்த வாளியோடு அவர் வந்தார். குழாயடி கிடந்த கோலத்தைப் பார்த்தார். ஊருக்கு உபகாரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து பெருக்கினார். பெருக்கியதோடு நிற்காமல், அங்கே கிடந்ததிலேயே அசல் குப்பையாகத் தெரிந்த எங்கள் பிஸ்கட் டின்னைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். தொட்டியைக் குப்பை லாரிக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டும் போய்விட்டார்கள்.

மத்தியானம் குழாய் இருமியதும் வாளியோடு ஓடிய அம்மா, எங்கள் இடத்தில் எங்கள் ஆள் இல்லாததைப் பார்த்துத் திகைத்து நின்றாள். அம்மா அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இயல்பாகவே கோபம் மூக்குநுனியில் இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு சேர்ந்து அதுவும் வளர்ந்திருந்தது. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. யோகம் அக்கா முகம் வெளுத்துப்போய், "நான் குப்பை எண்டு நினைச்சுப் போட்டன். என்ர வாளித் தண்ணியைக் கொண்டு போங்கோ," என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று எனக்கே தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை. "எங்க ஆளையே குப்பைத்தொட்டியில போட்டவங்க தண்ணி எங்களுக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுக் காலி வாளியோடு திரும்பி நடந்தாள். அன்று எங்கள் வீட்டில் சமையல் இல்லை. ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டோம்.

சண்டை அதோடு முடிந்திருந்தால் சந்து பிழைத்திருக்கும். ஆனால் ஒரு டின் போனதும், இத்தனை நாளாக யாருக்கும் தோன்றாத ஒன்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது: ஆளை எடுத்துவிட முடியும். மறுமுறை தண்ணீர் வந்தபோது ஒரு செங்கல் பின்னால் போயிருந்ததாக ஒருத்தி சொன்னாள். இல்லை, அது முதலிலேயே பின்னால்தான் இருந்தது என்றாள் இன்னொருத்தி. காளியம்மா அக்கா நடுவில் வந்து, "இனிமே கல்லு, டின்னு எதுவும் கெடையாது லா. வாளிக்குப் பக்கத்துல மனுஷி நிக்கணும். நிக்கலைன்னா எடம் போச்சு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆட்டுக்கல் வீட்டுக்குத் திரும்பியது.

அந்தப் புது ஏற்பாட்டில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? தகரக் கூரைகளிலிருந்து அடிக்கிற அனலில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் சோறு குழைந்துபோகும், போய் இறக்க முடியாது. பெயிண்ட் வாங்கி வாளிகளில் அடையாளம் போட்டார்கள். முன்பெல்லாம் குழாயடியில் சிரிப்பும் ஊர்வம்புமாக இருக்கும். இப்போது முன்னால் நிற்பவளின் வாளியைப் பின்னால் நிற்பவள் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரையும் நம்பாமல் வாழ்வது எவ்வளவு உடம்பு நோகிற வேலை என்பதை அந்த நாட்களில்தான் பார்த்தேன். அம்மாவால் அப்படி நிற்க முடியாது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, பொழுது சாய்ந்துதான் வருவார். ஆகவே பள்ளி விட்டதும் சீருடையைக்கூட மாற்றாமல் நான் போய் நின்றேன்.

பிரசவ ஆஸ்பத்திரி எங்களுக்கு நடந்துபோகிற தூரம்தான். ஆனால் என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு வலி எடுத்ததும் பிள்ளை பிறந்ததும் ஒன்றாக நடந்ததாம். "நடுரோட்டில என்னால பெத்துக்க முடியாது," என்று சொல்லி, தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சீன 'மிஸி'யிடம் முன்கூட்டியே பேசிவைத்திருந்தாள். பிரசவம் பார்க்கிற நர்ஸை அந்தக் காலத்தில் நாங்கள் மிஸி என்றுதான் சொல்வோம். எனக்கும் ஒரு கட்டளை இருந்தது. வலி எடுத்தால் அம்மா ஜன்னலில் அப்பாவின் சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவாள். அதைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் மிஸியைக் கூட்டிவர வேண்டும். குழாயடியில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சண்டை போட்ட இடத்தில் போய் இரக்கம் கேட்கமாட்டாள் என் அம்மா.

துண்டு தொங்கியது ஒரு தண்ணீர் நாளில். அன்று காலையில்தான் அம்மா, மத்தியானம் எப்படியும் தண்ணீர் வந்துவிடும் என்ற தைரியத்தில், தொட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் ஊற்றித் துணி துவைத்திருந்தாள். நான் எங்கள் இரண்டு வாளிகளோடு வரிசையின் நடுவில் நின்றேன். குழாய் இருமி ஓய்ந்து தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. எனக்கு நேர்பின்னால் நின்றவர் யோகம் அக்கா. அவரைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு தெரிந்தது. என்ன செய்வதென்று ஒரு கணம் புரியவில்லை. நான் நகர்ந்தால் இடம் போய்விடும், வாயைத் திறக்கவும் கூடாது. வாளிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து யாருடைய குரலோ கேட்டது, நான் நிற்கவில்லை.

மிஸி சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போக, நான் பின்னாலேயே ஓடி வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா பாயில் சுருண்டு கிடந்தாள். மிஸி பையைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்து, "ஆயேர் மானா?" என்றார். தண்ணீர் எங்கே என்று மலாயில் கேட்டார். நான் தொட்டியைப் பார்த்தேன். அடியில் ஒரு குவளை அளவுகூடத் தேறாது. குடத்தைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. அவர் கைகழுவ வேண்டும், கருவிகளைக் கொதிக்கவைக்க வேண்டும், பிள்ளையைத் துடைக்க வேண்டும். அவருடைய முகம் மாறுவதைப் பார்த்தேன். அம்மா கண்ணைத் திறந்து, "வாளி எங்கடி?" என்றாள்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து வரிசையின் பிற்பாதிதான் தெரியும், குழாய் தெரியாது. நான் வாளிகளை விட்ட இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். வரிசை முன்னால் நகர்ந்திருக்கும் என்பது அந்த வயதில் அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. இடம் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். போகாமல் இருக்குமா? ஆள் இல்லையென்றால் இடம் இல்லை என்பது சட்டம், சட்டம் போட்டவர் அங்கேயே நிற்கிறார். பின்னால் நின்றதோ, அம்மா எல்லார் முன்னாலும் முகத்தில் அடித்ததுபோலப் பேசிய யோகம் அக்கா. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது தண்ணீரால்தான் ஆகும் என்று எனக்குப் பட்டது.

அப்போது வாசலில் வாளி தளும்புகிற சத்தம் கேட்டது. கூடவே காளியம்மா அக்காவின் குரலும். "ஏண்டி, வாளிய நட்டநடுவுல போட்டுட்டு எங்க போய்த் தொலஞ்ச? நாங்க என்ன உங்க வீட்டு வேலக்காரிங்களா?" என்று திட்டிக்கொண்டே உள்ளே வந்தவர், பாயையும் மிஸியையும் பார்த்துப் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். அவர் கையில் ஒரு வாளி. பின்னால் வந்த யோகம் அக்காவின் கையில் இன்னொன்று. இரண்டும் எங்களுடையவை, இரண்டும் விளிம்புவரை நிறைந்திருந்தன. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் என் உடம்பே லேசாகிப்போய், நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஆறுதல் அப்படியே திரும்பி வருகிறது.

யோகம் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அடுப்புக்குப் போய் ஊதினார். காளியம்மா அக்கா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் என் தம்பி பிறந்துவிட்டான். அவன் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான், நான் ஏன் ஓடினேன் என்பது அவர்களுக்கு முதல்முதலாகத் தெரிந்தது.

இதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாளியை நிரப்பியபோது அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒருத்தி பிரசவ வலியில் கிடக்கிறாள் என்று தெரிந்து உதவியிருந்தால் அது இரக்கம். இரக்கம் நல்லதுதான், ஆனால் அது விஷயம் தெரிந்த பிறகே வரும். நான் ஓடிப்போன பிறகு நடந்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்னால் வரிசை நகர்ந்ததும் யோகம் அக்கா தம் வாளியைத் தள்ளுவதற்கு முன் எங்கள் இரண்டு வாளிகளையும் காலால் முன்னே நகர்த்தினாராம். காளியம்மா அக்கா, "அது யாரு வாளி? ஆளு எங்க?" என்று கேட்டாராம். "அந்தப் பிள்ளையின்ர. காரணமில்லாமல் ஓடியிருக்காது," என்று யோகம் அக்கா சொன்னாராம். தாம் போட்ட சட்டத்தைத் தாமே நினைத்துப் பார்த்த காளியம்மா அக்கா, "அப்ப நெரப்பு," என்றாராம். அவ்வளவுதான் நடந்தது. அடுத்து இருந்தது எங்கள் வாளி, அதை நிரப்பினார்கள். இன்னொருவருடைய முறையை அவர் இல்லாதபோதும் அவருடையதாகவே விட்டுவைப்பது என்ற அந்தச் சின்ன ஒழுங்குதான் என் அம்மாவைக் காப்பாற்றியது.

தினசரி வாழ்க்கையில் ஏன் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று பிற்காலத்தில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். புண்ணியம் என்பார்கள், நல்ல பெயர் என்பார்கள், சட்டம் என்பார்கள். எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவுதான்: சொல்லாமல் கொள்ளாமல் ஓடவேண்டிய ஒரு மத்தியானம் எல்லார் வீட்டிலும் வரும். அன்றைக்கு நாம் போட்டுவிட்டுப் போகிற வாளியை, நமக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாத யாரோ ஒருவர்தான் நகர்த்த வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்தை அன்றைக்கென்று புதிதாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. சாதாரண நாட்களிலேயே அது அங்கே இருந்தால்தான் உண்டு.

அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்ததும் கேசரி கிண்டி, கல்வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள். வாயால் நன்றி சொல்ல அவளுக்கு வராது. யோகம் அக்கா கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்தது உங்கட வாளி, நிரப்பினன். இதுக்கு ஏன் கேசரி?" என்றார். ஆனால் கேசரியை வாங்கிக்கொண்டார். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு பிஸ்கட் டின்னும் தந்தார். படம் போட்ட புத்தம்புது டின். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆணியும் சுத்தியலும் எடுத்து அடியில் ஓங்கி ஓர் ஓட்டை போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "நம்பிக்கை வேற, டின்னு வேற. நல்லா இருந்தா எவளாவது அரிசி போட்டு வைக்கக் கொண்டுபோயிடுவா," என்றாள்.

அந்த டின் வரிசைக்குப் போன அன்று ஆட்டுக்கல்லும் திரும்பி வந்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. செங்கற்கள் வந்தன, ஒற்றைச் செருப்பு வந்தது. கடைசியில் யோகம் அக்காவும் தம் ஆளைக் கொண்டுவந்து வைத்தார். கம்பிகள் விலா எலும்புபோலத் துருத்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குடை. அத்தனை சுத்தமான வீட்டில் அப்படி ஒரு பொருளை எங்கிருந்துதான் தேடிப் பிடித்தாரோ. என் தம்பிக்கு 'வாளி' என்று செல்லப்பெயர் வைத்ததும் அவர்தான். வீட்டில் அவனுக்குக் குமரேசன் என்று அழகான பெயர் இருந்தும், சந்து கலைகிறவரை அவன் வாளிதான்.

சந்து எப்போதோ கலைந்துவிட்டது. பலகை வீடுகள் போய், ஆளுக்கொரு திசையில் அடுக்குமாடிகளுக்குப் போனோம். குழாய் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒருமுறை முயன்று தோற்றேன். அம்மாவும் இல்லை, காளியம்மா அக்காவும் இல்லை, யோகம் அக்கா எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. இப்போது நான் குடியிருக்கும் பொங்கோல் பகுதியில் என் வீட்டுக் குழாயைத் திறந்தால் அது இருமுவதில்லை. எந்த நேரமும் கொட்டுகிறது. அதற்காக ஏங்கவேண்டிய காலம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

சென்ற மாதம் தம்பியும் நானும் தேக்கா உணவங்காடியில் சாப்பிடப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இங்கே எல்லாரும் செய்வதுபோல, காலி மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனோம். தட்டுகளோடு திரும்பினால் மேசையில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது, பொட்டலத்தைக் காணோம். கொஞ்ச தூரத்தில் ஓர் இளைஞர், ஊரிலிருந்து வேலைக்கு வந்து சில நாட்களே ஆகியிருக்கும் போலிருந்தது, ஒரு கையில் தோசைத் தட்டும் மறுகையில் எங்கள் பொட்டலமுமாக, மேசை மேசையாகப் போய், "இது உங்களோடதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களிடமும் வந்தார். "யாரோ மறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்கம்மா. கூட்டத்துல தொலஞ்சிடுமேன்னு எடுத்தேன்," என்றார். எனக்கு யோகம் அக்காவின் வெளுத்துப்போன முகம் நினைவுக்கு வந்தது. தம்பி சிரித்துக்கொண்டே விஷயத்தை விளக்கினான். அந்தப் பிள்ளை கூசிப்போனார். "இருக்கட்டும் லா தம்பி, வாங்க," என்று நான் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போய், அப்போதுதான் காலியான ஓர் ஓர மேசையில் மூவரும் உட்கார்ந்தோம்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் அவர் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று எழுந்தார். எழுந்தவர் அந்தப் பொட்டலத்தைத் தம் இடத்தில் வைத்துவிட்டு, சுற்றியிருந்த கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இத நம்பிப் போலாங்களாம்மா?" என்று கேட்டார். "போயிட்டு வாங்க. அது இருந்தா ஆள் இருந்த மாதிரி," என்றேன். அவர் போய் வருவதற்குள் இரண்டு பேர் வந்து அந்த நாற்காலியில் கை வைத்தார்கள். "ஆள் இருக்கு," என்று சொல்லி அனுப்பினான் தம்பி.